தலைக்கு 85 பவுண்டு

எங்கள் பஸ் டெப்போ கேண்டீனில் கொஞ்ச நாளாக நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. காரணம், நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கும் ஒரு பளபளப்பான தாள். வடக்கு இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு ஒரு கால்பந்து கிளப் உண்டு. அந்தக் கிளப்புக்காகப் பதினெட்டு சீசன் ஆடிய ஒருவருக்குப் பாராட்டு விருந்தாம். அவர் பெயரையும் கிளப்பின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. தாளில் அவருடைய பழைய படம்: முழங்கால் வரை சேறு, முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. படத்துக்குக் கீழே விலை. தலைக்கு 85 பவுண்டு. பத்துப் பேர் உட்காரும் மேஜை மொத்தமாக எடுத்தால் 800. மேடையை ஒட்டிய மேஜை 1,200. அதற்கு இரண்டு பாட்டில் ஒயினும் அவரோடு நின்று எடுத்துக்கொள்ளும் போட்டோவும் சேர்த்தி. எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்கவேண்டிய எழுத்தில், ‘வருமானத்தில் ஒரு பகுதி அறப்பணிக்கு’ என்று ஒரு வரி.

அந்தத் தாள் ஏறியதிலிருந்து கேண்டீன் இரண்டு கட்சியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பார்க்கும் பெரியவர் விலைக்கு வக்கீல். நல்ல ஓட்டலில் மூன்று வகைச் சாப்பாடு என்றாலே 40, 45 ஆகிவிடும். மண்டப வாடகை இருக்கிறது, மைக் செட் இருக்கிறது, சிரிக்கவைக்க ஒரு காமெடியன் வருகிறான், அவன் என்ன சும்மாவா வருவான் என்று விரல்விட்டு எண்ணுவார். எதிர்க்கட்சி, ராத்திரியில் பஸ் கழுவும் ஒருவர். சூப்பர் மார்க்கெட்டில் கோழி நெஞ்சுக்கறி என்ன விலை, உருளைக்கிழங்கு என்ன விலை என்று போனைத் திறந்து காட்டி, இந்த ஒரு தட்டுக்கு 85 பவுண்டு என்றால் அந்தக் கோழி ஒரு கோலாவது போட்டிருக்க வேண்டும் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மறுநாள் அதே கோழி, அதே சிரிப்பு.

கோழி விலையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கமுடியாதது வேறொன்று. நடுவில் யாராவது ஒரு பையன், மைதானத்துக்கே இந்த சீசன் இரண்டு தடவைதான் போயிருப்பான், ‘உண்மையான ரசிகன் என்றால் விலை பார்ப்பானா? பிடிக்காவிட்டால் வராதே’ என்று ஒன்றைத் தூக்கிப் போடுவான். அவ்வளவுதான். நாற்பது வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கும் மனிதர்கள், கிளப் நாலாம் டிவிஷனில் கடைசி இடத்தில் கிடந்தபோது மழையில் நனைந்தவர்கள், முகம் செத்துப்போய் டீ கப்பைப் பார்ப்பார்கள். பையில் பணம் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கும் வராது. ‘அன்னைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கு’ என்று முனகிவிட்டு எழுந்து போவார்கள். ஷிப்ட் பட்டியல் என் கண்ணெதிரே தொங்குகிறது. ஷிப்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி கேட்டாள்: “ஏங்க, 85 பவுண்டுன்னா அவரே வந்து பரிமாறுவாரா?”

“இல்ல, அவரு மேடையில உக்காந்திருப்பாரு.”

“அப்ப மேடைக்கு எதுக்கு இவ்வளவு? நம்ம ஊர்ல இந்தக் காசுக்கு ஒரு கிடாய் வெட்டலாமே.”

கிடாய்க்குப் போதாது, அவள் ஊரை விட்டு வந்து வருடங்கள் ஆயிற்று. ஆனால் அவள் கேள்வியில் தப்பில்லை. 2025 ஏப்ரலில் இங்கே 21 வயது தாண்டியவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு என்று வைத்தார்கள். அந்தச் சம்பளக்காரருக்கு இந்த விருந்து கிட்டத்தட்ட ஏழு மணி நேர வேலை, வரி பிடிப்பதற்கு முன்னால். துணைக்கு வீட்டுக்காரியையும் கூட்டிப்போனால் பதினாலு மணி நேரம். கோட்டு வாடகை, டாக்ஸி, கையில் ஒரு கிளாஸ் பீர் எல்லாம் அதற்கு மேலே.

இத்தனைக்கும் இந்த மரியாதைக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு. கேண்டீனில் இரண்டு கட்சிக்கும் அது மறந்துபோனதுதான் என் எரிச்சல். 1901இல் இங்கிலாந்துக் கால்பந்தில் ஆட்டக்காரனுக்கு உச்சவரம்புச் சம்பளம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: வாரத்துக்கு 4 பவுண்டு, அதற்குமேல் எந்தக் கிளப்பும் தரக்கூடாது. அறுபது வருடம் அந்தக் கட்டு நீடித்தது. 1960இல்கூட சீசனில் வாரத்துக்கு 20 பவுண்டு, ஆட்டமில்லாத கோடையில் 17. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரனைக் கிளப் விடவேண்டும் என்று கட்டாயமில்லை. பதிவைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கும் போகவிடாமல் உட்காரவைக்கலாம். பிரஸ்டன் கிளப்பின் டாம் ஃபின்னி, இங்கிலாந்துக்காக 76 ஆட்டம் ஆடியவர். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்கு 10,000 பவுண்டு முன்பணம் தர வந்தது. பிரஸ்டன் நிர்வாகிகள் மறுத்துவிட்டார்கள், அத்தோடு முடிந்தது. பந்தாட்டத்தோடு கூடவே அவர் பிளம்பர் வேலையும் பார்த்தார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் யார் வீட்டுக் குழாயையோ சரிசெய்யப் பையோடு போய்க்கொண்டிருந்தார். இன்று அவருக்கு டீப்டேல் மைதான வாசலில் தண்ணீர் தெறிக்கும் அழகான சிலை இருக்கிறது. சிலை வைக்க யாரும் யோசிப்பதில்லை, சம்பளத்துக்குத்தான் யோசித்தார்கள்.

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக ஜிம்மி ஹில் இருந்தபோது, வேலைநிறுத்தம் வரும் என்ற மிரட்டலுக்குப் பிறகு, 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கத் தொடங்கினார். அதற்காக எல்லோரும் ஒரே நாளில் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. 1966 உலகக் கோப்பையை ஜெயித்த அணியில் ரே வில்சன் பிறகு சவ அடக்கத் தொழில் நடத்தினார். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட ஜெஃப் ஹர்ஸ்ட் இன்சூரன்ஸ் விற்கப் போனார். இப்படிப்பட்ட மனிதர்களுக்கு வயதான காலத்தில் கையில் நாலு காசு இருக்கட்டும் என்றுதான் கௌரவ ஆட்டம் என்ற வழக்கம் இங்கே வேரூன்றியது. ஒரே கிளப்பில் பத்து வருடம் ஆடினால் அவருக்காக ஓர் ஆட்டம். அன்றைய கேட் வசூல் அவருக்கு. அப்பாவும் பையனும் தாத்தாவும் வந்து சில்லறையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கைதட்டினார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒரு வரி வழக்கு. கால்பந்து இல்லை, கிரிக்கெட். கென்ட் அணியின் ஜேம்ஸ் சீமோர் என்பவருக்கு 1920இல் இப்படி ஒரு ஆட்டம் நடத்திக் கேட் வசூலைக் கொடுத்தார்கள், அதைக்கொண்டு அவர் ஒரு பண்ணை வாங்கினார். வருமான வரிக்காரர்கள் இது சம்பளம்தானே, வரி கட்டு என்று வந்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1927இல் தீர்ப்பு: இது சம்பளம் இல்லை, ஆட்டக்காரன் மேல் உள்ள பிரியத்துக்காகக் கொடுத்த பரிசு, வரி கிடையாது. தொண்ணூறு வருடம் அந்தத் தீர்ப்பின் நிழலில் வண்டி ஓடியது. கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர்களும் அதே நிழலில் ஒதுங்க ஆரம்பித்தபிறகு, 2017 ஏப்ரலிலிருந்து முதல் ஒரு லட்சம் பவுண்டுக்கு மட்டும் வரி இல்லை, அதற்கு மேலே உண்டு என்று மாற்றினார்கள். அது நியாயம். ஆனால் பழைய தீர்ப்பின் சாரத்தைக் கவனியுங்கள்: ஊர்ப் பிரியத்தில் கொடுத்த பரிசு. பரிசுக்கு யார் தலைக்கு இவ்வளவு என்று விலை போட்டது? கேண்டீனில் 85 அதிகமா குறைவா என்று மல்லுக்கட்டுகிறார்களே தவிர, ஏன் ஒரே விலை, ஏன் மேஜைக் கணக்கு என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

மேஜைக் கணக்கு ஏன் என்று எனக்குத் தெரியும். இதே மாதிரி ஒரு விருந்துக்கு முன்பு போயிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடி போடும் ஒரு கம்பெனி எடுத்த மேஜையில் கடைசி நேரத்தில் ஒரு நாற்காலி காலியாகி, எனக்குத் தெரிந்தவர் மூலமாக அது வந்தது. உள்ளே போனால் மேஜை மேல் ரொட்டிக்கும் முன்னால் ஒரு கவர். அதில் இருபது பவுண்டு நோட்டைப் போட்டுப் பெயர் எழுதவேண்டும், குலுக்கலில் பரிசு. சூப் முடிந்ததும் எல்லோரையும் எழுப்பி நிற்கவைத்தார்கள். தலையில் கை வைப்பவர் ஒரு பக்கம், பின்னால் கை வைப்பவர் ஒரு பக்கம், காசு சுண்டித் தோற்றவர்களை உட்காரவைக்கும் ஆட்டம். அதற்கு ஒரு பத்து பவுண்டு. கோழி வந்தது, சாஸ் ஆறிப்போயிருந்தது. பிறகு ஏலம். கண்ணாடிச் சட்டம் போட்ட கையெழுத்துச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள், பாதிக்குமேல் வேறு கிளப்புகளின் சட்டை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர் ஒரு சட்டையை நல்ல விலைக்கு எடுத்தார். எடுத்துவிட்டு என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: இன்றைக்குப் பாராட்டு வாங்குகிறாரே, அவர் எந்த இடத்தில் ஆடினார், கோல் கீப்பரா? அவர் இருபது வருடம் இடதுபக்க முன்வரிசையில் ஓடியவர்.

அந்தக் கம்பெனிக்காரரை நான் குறை சொல்லவில்லை. பணம் கொடுத்தார், அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கும். கௌரவ ஆட்டம் நடத்த மைதானப் பணியாளர், போலீஸ், இன்சூரன்ஸ் என்று செலவு எகிறுகிறது; சின்ன கிளப்புக்கு அன்று மழை பெய்தால் மைதானம் பாதி காலி. விருந்தென்றால் அந்த ஆபத்து இல்லை. இருபது கம்பெனியிடம் இருபது மேஜையை விற்றால் வேலை முடிந்தது. கம்பெனிகளுக்கு அது வாடிக்கையாளரை மகிழ்விக்கும் கணக்கில் போய்விடும். வியாபாரமாகப் பார்த்தால் கமிட்டியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் ஆதங்கமெல்லாம், அதை ஊர் கூடி நன்றி சொல்லும் விழா என்று நோட்டீஸில் போடுகிறார்களே, அதில்தான்.

ஊர் கூடி ஒருவனைத் தூக்கிவிடும் விருந்து எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் கீரமங்கலம் பக்கத்துக்காரன். ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்தில், பேராவூரணி, வடகாடு வரை, மொய் விருந்து களைகட்டும். ஒரே பந்தலில் பல பேர் சேர்ந்து விருந்து வைப்பார்கள், பத்திரிகையில் வரிசையாகப் பெயர். ஆட்டுக்கறிக் குழம்பு, இலை நிறையச் சோறு. சாப்பிட்டுக் கைகழுவி வந்தால் பந்தலின் ஓரத்தில் ஆளுக்கொரு மேஜை, நோட்டுப் புத்தகம், எழுதுவதற்கு ஒருத்தர், எண்ணுவதற்கு ஒருத்தர், பணம் போடப் பெரிய பாத்திரம். நூறு எழுதுகிறவரும் இருப்பார், லட்சம் எழுதுகிறவரும் இருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே பந்தி, ஒரே குழம்பு. லட்சக்காரருக்குத் தனி இலையில் எலும்பில்லாத கறி என்று யாராவது ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே பந்தலைப் பிரித்திருப்பார்கள். ராத்திரி கணக்கு முடித்ததும் யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

மொய் விருந்தை நான் கோவிலாக்கவில்லை. வாங்கிய மொய்யை அடுத்தவர் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்காக நகையை அடகு வைத்து அவதிப்பட்ட வீடுகளை எனக்குத் தெரியும். என் அப்பாவின் மொய் நோட்டை வைத்து நடந்த சண்டைகளை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஆனால் ஒன்று: அங்கே வாசலில் நின்று ‘உன்னிடம் இவ்வளவு இருந்தால்தான் உள்ளே’ என்று எவரும் சொன்னதில்லை. இந்த ஆட்டக்காரரைப் பொறுத்தவரை திருப்பிச் செய்யும் தொல்லையும் கிடையாது. அவர் பதினெட்டு சீசனில் இந்த ஊருக்கு எழுதவேண்டியதையெல்லாம் எழுதிவிட்டார். இது ஊர் திருப்பிச் செய்யவேண்டிய முறை. திருப்பிச் செய்ய வந்தவனை வாசலில் மறித்துத் தலைக்கு 85 கேட்டால் எப்படி?

அவர் என் பஸ்ஸில் வருவார் என்பதைச் சொல்லவேண்டும். முதியோர் இலவச பாஸ் இங்கே வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும். 9.35 வண்டியில் ஏறி, பாஸை மெஷினில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு தலையாட்டல். வலது முழங்கால் மடங்காது, அதனால் முன்பக்கம் ஊனமுற்றோருக்கான இருக்கையில் காலை நீட்டி உட்காருவார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்குவார். அவர் உட்கார்ந்தால் பஸ்ஸுக்குள் ஒரு சலசலப்பு வரும் பாருங்கள், அதை எந்த ஓட்டல் மண்டபத்திலும் காசு கொடுத்து வாங்கமுடியாது. ஒரு தடவை காய்கறித் தள்ளுவண்டியோடு வந்த பாட்டி ஒருவர், மழையில் நீ நாற்பது கெஜத்திலிருந்து அடித்தாயே, அந்தக் கோலுக்கு நான் என் பெரியவனை வயிற்றில் வைத்துக்கொண்டு கத்தினேன் என்றார். அவர், அது நான் அடிக்கவில்லை, பந்தை மேலே தூக்கிப் போடப் பார்த்தேன், காற்று தள்ளிவிட்டது, கீப்பர் கண்ணில் மழை என்றார். பாட்டி விடவில்லை, நீ அடித்ததுதான், எனக்குத் தெரியும் என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது. அந்தப் பாட்டி பென்ஷனில் இருப்பவர். இருபது மேஜையில் எந்த மேஜையில் அவர் உட்காருவார்?

விலைக் கட்சியின் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: அவருக்குப் பணம் தேவை, மூட்டு போய்விட்டது, பழைய ஆட்டக்காரர்களின் நிலைமை உனக்குத் தெரியாதா? தெரியும். நாபி ஸ்டைல்ஸ் 1966இல் உலகக் கோப்பை ஜெயித்த குஷியில் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெம்ப்ளியில் ஆடிய ஆட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவருடைய பதக்கங்கள் 2010இல் ஏலத்துக்கு வந்தன. உலகக் கோப்பைப் பதக்கத்தை மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பே வாங்கியது. பிற்காலத்தில் அவருக்கு நினைவு தப்பியது. வெஸ்ட் பிராம்விச்சின் ஜெஃப் ஆஸ்டில் 59 வயதில் 2002இல் இறந்தபோது, பந்தைத் தலையால் முட்டி முட்டி வந்த தொழில் நோய் என்றே மரண விசாரணையில் முடிவு சொன்னார்கள். 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, ஸ்காட்லாந்தின் முன்னாள் ஆட்டக்காரர்கள் மூளைச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கண்டது. ஆகவே தேவை இல்லை என்று நான் வாதாடமாட்டேன். தேவை இருக்கிறது என்றால், அதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்: இவருடைய மூட்டு ஆபரேஷனுக்கு, இவருடைய வீட்டுக்கு. ஊர் கொடுக்கும். சுந்தர்லாந்தில் ஆடிய நயல் க்வின் 2002இல் தன் கௌரவ ஆட்டத்தின் வசூலை, பத்து லட்சம் பவுண்டுக்கு மேல், முழுக்கவும் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்குத் தந்தார். அங்கே எவ்வளவு, யாருக்கு என்பது ஊரறிந்த விஷயம். இங்கே ‘ஒரு பகுதி அறப்பணிக்கு’. எந்தப் பகுதி? பாதியா? நூற்றில் இரண்டா? எந்த அறப்பணி? மிச்சம் அவருக்கா, மண்டபத்துக்கா, காமெடியனுக்கா?

விலைக்கு எதிர்க்கட்சியும் ஒழுங்கில்லை. கோழி விலையைக் காட்டிச் சிரிப்பதோடு அவர்கள் வீரம் முடிகிறது. டிக்கெட் விலை விஷயத்தில் இந்த நாட்டு ரசிகர்களுக்கு என்ன பலம் இருக்கிறது என்று அவர்களுக்கே நினைவில்லை. 2016 பிப்ரவரி 6, லிவர்பூல். புதுப் பார்வையாளர் மாடத்தில் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்ததற்கு எதிராக, சுந்தர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. அவர்கள் போனபிறகு இரண்டு கோல் வாங்கி 2-2. நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, 77ஐ வாபஸ் வாங்கி, விலையை உறையவைத்தார்கள். அடுத்த மாதமே பிரீமியர் லீக், வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று முடிவெடுத்தது. அதற்கும் வெகுகாலம் முன்னால், ரசிகர்கள் நெரிசலில் மாண்ட ஹில்ஸ்பரோ துயரத்துக்குப் பிறகு வந்த 1990 டெய்லர் அறிக்கை, எல்லோருக்கும் இருக்கை போடச் சொன்னபோதே, இருக்கை போட்டதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றவேண்டியதில்லை என்று எழுதியது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் உட்கார 6 பவுண்டுதான் என்று உதாரணமும் காட்டியது. இருக்கையை எடுத்துக்கொண்டார்கள், உதாரணத்தை விட்டுவிட்டார்கள்.

சேர்ந்து எழுந்தால் முதலாளியே இறங்கிவருகிறான். இங்கே என்னடாவென்றால், ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து நீ கஞ்சன், நீ போலி ரசிகன், நீ கம்பெனிக்கு அடிவருடி என்று டீ ஆறுவது வரை கத்திவிட்டுத் தன் தன் வண்டியை எடுக்கப் போய்விடுகிறான். தாள் மட்டும் போர்டில் அசையாமல் இருக்கிறது.

நானே கமிட்டிச் செயலாளரைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். நல்ல மனிதர், சம்பளமில்லாமல் இதற்காக அலைகிறவர், அதைச் சொல்லியாக வேண்டும். ஒற்றை டிக்கெட் வாங்கினால் எங்கே உட்காரவைப்பீர்கள் என்றேன். மேஜைகள் போன மிச்சத்தில், கடைசி வரிசையில், கதவுப் பக்கம் என்றார். வருமானத்தில் எந்தப் பகுதி என்றேன். அதெல்லாம் விருந்து முடிந்து செலவு பார்த்தபிறகுதானே என்றார். சாப்பாடு வேண்டாம், பின்னால் நின்று அவர் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம், அஞ்சோ பத்தோ தருகிறோம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன என்றேன். மண்டபத்தில் நிற்க அனுமதி இல்லை, தீயணைப்பு விதி என்றார். தீயணைப்பு விதி நிஜமாகவே இருக்கும். ஆனால் கேட்ட கேள்விக்கு அவர் முகத்தில் ஒரு கணம் வந்த ஆச்சரியம் இருக்கிறதே, அதுதான் என்னைச் சுட்டது. இப்படியும் ஆட்கள் வர ஆசைப்படுவார்கள் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஆகவே கமிட்டி ஐயாமாரே, உங்கள் மேஜையை நான் கவிழ்க்கச் சொல்லவில்லை. 1,200க்கு விற்கிறதென்றால் 1,500க்கே விற்றுக்கொள்ளுங்கள், ஜன்னல்காரர்கள் தருவார்கள். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். விருந்துக்கு முந்தின சனிக்கிழமை நம் மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது. இடைவேளையில் அவரை மைதானத்தைச் சுற்றி ஒரு வலம் வரவிடுங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் புல்வெட்டும் ஆள் வைத்திருக்கும் சின்ன வண்டியில் உட்காரவையுங்கள். நாலு கேட்டிலும் நாலு வாளி வையுங்கள், யார் எவ்வளவு போட்டார் என்று பார்க்கவேண்டாம். அன்று சாயங்காலமே எண்ணி, விருந்துக் கணக்கோடு சேர்த்து, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, அவருக்கு இவ்வளவு, அறப்பணிக்கு இவ்வளவு என்று எழுதி, இதே டெப்போ போர்டில் கொண்டுவந்து ஒட்டுங்கள். 85 பவுண்டுக்காரர்களும் வாளியில் போடலாம், தடுக்கமாட்டோம்.